விளம்பரத்துக்கு வேறு விலை

பேருந்து சிக்னலில் நின்றபோது அக்கா சும்மாதான் ஜன்னல் பக்கம் திரும்பினாள். எதிரே மேம்பாலத்தை ஒட்டி, நேற்றுவரை பற்பசை விளம்பரம் இருந்த இடத்தில், மூன்று மாடி உயரத்துக்குப் பழைய துறைமுகம் நின்றது. பாய் சுருட்டிய கப்பல்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கரைக்கு வரும் ஒரு படகு, மேல்பாதி முழுக்க மாம்பழ நிறத்தில் சாயங்கால வானம். 'உங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு வரலாறு' என்று வானத்தில் எழுதி, கடலில் அடுக்குமாடி வீடுகளுக்கான தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தார்கள். அந்த ஓவியம் அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடி அலமாரியில் மெல்லிய தாள்களுக்கு நடுவே படுத்திருக்கிறது. அதன் பிரதி வெளியே போக வேண்டுமானால் அக்காவின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். யாருக்கும் அனுப்பவில்லையே என்று யோசித்துக்கொண்டே அண்ணாந்தவள், வானத்தின் வலது ஓரத்தில் ஒரு பறவையைப் பார்த்தாள். அந்த ஓவியத்தில் பறவையே கிடையாது.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். "அந்தக் காலத்துப் படம் போல."

"ஆமா," என்றாள் அக்கா. பச்சை விளக்கு விழுந்தது. அடுத்த நிறுத்தத்திலும் அதே துறைமுகம், கொஞ்சம் சின்னதாக, அதே பறவையோடு நின்றது.

அருங்காட்சியகத்தில் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் 'எதுக்கு அக்கா' என்று ஒரு பெயர் உண்டு, அதுவும் அவளுக்குத் தெரியும். படப்பிரிவு அவள் பொறுப்பு. எந்த ஓவியத்துக்கு, எந்தப் பழைய புகைப்படத்துக்கு டிஜிட்டல் பிரதி கேட்டு யார் வந்தாலும் அவள் வாயில் முதலில் வருவது "எதுக்கு?" என்ற கேள்விதான். வம்புக்காக இல்லை, அதைக் கேட்காமல் விலை சொல்ல முடியாது. வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள என்றால் ஒரு விலை. ஆராய்ச்சிக்கு ஒரு விலை. புத்தகத்துக்குள்ளே போட ஒரு விலை, அதே புத்தகத்தின் அட்டையில் போட்டால் அதைப்போலப் பல மடங்கு. விளம்பரத்துக்கு என்றால் கேட்கிறவருக்குத் தலையைச் சுற்றும். கோப்பு என்னவோ ஒன்றுதான், அனுப்புகிற விரலும் ஒன்றுதான். "சட்டைக் கடைக்காரன் எங்க போட்டுக்கிட்டுப் போகப் போறீங்கன்னு கேட்டுட்டா விலை சொல்றான்?" என்று ஒரு பதிப்பாளர் அவளிடம் குதித்திருக்கிறார். "சட்டையை நீங்க நகல் எடுத்து ஊருக்கெல்லாம் விக்கப் போறதில்லையே சார்," என்று அவள் சிரிக்காமல் பதில் சொன்னாள். அந்தப் பதிலை நினைத்து ஒரு வாரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

இந்த விலைகள்தான் கட்டடத்தைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன என்று அவள் நம்பினாள். கொஞ்ச நாளாக அந்த நம்பிக்கையில் ஓர் ஓட்டை. ஒரு பள்ளிக்கூட டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டு, பிள்ளைகள் எழுதிய கதைகளைச் சின்னப் புத்தகமாகப் போடுவதாகவும், அட்டைக்கு இதே துறைமுக ஓவியம் வேண்டும் என்றும் கேட்டாள். அக்கா அட்டை விலையைச் சொன்னாள். "சரிங்க, பிள்ளைங்களையே ஒண்ணு வரையச் சொல்லிக்கிறோம். ரொம்ப நன்றிங்க," என்றாள் டீச்சர். கோபப்பட்டுப் போனை வைத்திருந்தால் தேவலை. விதி விதிதான் என்று அக்கா தன்னைத் தேற்றிக்கொண்டாள். டீச்சருக்காக இம்மியும் வளையாத அதே விதியைத்தான் அதே மாதத்தில் தன் தம்பிக்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

தம்பி ஒரு மருந்துக்கடைக்கு மேலே விளம்பரங்கள் வடிவமைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தான். புது வீட்டுக்குக் குடிபோன சமயம் அது. "ஹால் சுவரு மொட்டையா நிக்குதுக்கா. அந்தத் துறைமுகப் படம் ஒண்ணு குடேன், பெரிசாப் போட்டு மாட்டிக்கிறேன்," என்றான். முறைப்படி என்றால் விண்ணப்பம், பணம், இயக்குநர் கையெழுத்து, ஒரு வாரம். வீட்டுச் சுவருக்குத்தானே என்று அவளுக்குத் தோன்றியது. அன்று ஸ்கேன் அறையில் அந்த ஓவியம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேன் செய்கிறவர் ஒப்பந்த ஊழியர், வருடத்துக்கு ஒருமுறை வேலை புதுப்பித்தால் உண்டு. கண்ணாடியின் மேல் ரப்பர் குமிழால் காற்றடித்துக்கொண்டே இருப்பதால் அவருக்குத் தூசி அண்ணன் என்று பெயர். நல்ல வழுக்கை. அக்கா குனிந்து கண்ணாடிக்கு அடியில் கிடந்த ஓவியத்தை ஆசையாகப் பார்த்தாள். அப்புறம் பென்டிரைவை நீட்டினாள். "இன்னும் சரிபார்க்கலையேக்கா," என்றார் அவர். "வீட்டுக்குத்தான் அண்ணே," என்றாள். அக்கா கேட்டு மறுக்கிற வழக்கம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை. அவர் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டுக் காட்டினார். திரையில் வானத்தைப் பெரிதாக்கியிருந்தார். வலது ஓரத்தில் ஒரு துண்டு முடி, நடுவில் மடங்கி, குழந்தைகள் போடும் பறவை போலக் கிடந்தது. "இது என் தலையில விளைஞ்சது இல்லக்கா," என்று வழுக்கையைத் தட்டிக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி ஸ்கேன் செய்தார், பழையதை அழித்தார். நல்ல பிரதி வந்திருக்கிறது, வாங்கிக்கொள் என்று தம்பியிடம் சொன்னாள். "முடியா? நான் பறவைன்னுல்ல நினைச்சேன். இருக்கட்டும்க்கா, நல்லாத்தான் இருக்கு," என்றான். அதற்கப்புறம் அவன் வீட்டுக்குப் போனபோதெல்லாம் ஹால் சுவர் மொட்டையாகவே இருந்தது. ஃப்ரேம் போடக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். அவளும் துருவிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், ஊரையே எதுக்கு எதுக்கு என்று கேட்கிறவள்.

விளம்பரத்தைப் பார்த்த அன்று இயக்குநர் பத்து மணிக்கே கூப்பிட்டுவிட்டார். சத்தம் போடாத மனிதர். திட்டுகிறவராக இருந்தால் திட்டி முடித்ததும் நிம்மதி வரும், இவரிடம் அந்த நிம்மதிக்கும் வழியில்லை. இன்று முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "வர்ற வழியெல்லாம் நம்ம துறைமுகம்தான். விளம்பர விலை போட்டீங்கள்ல? பெரிய தொகையாச்சே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நம்ம மேசை வழியாப் போகலை சார்," என்றாள் அக்கா. அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. அப்படிப் பொய் இல்லாத வாக்கியத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத் தனக்குத் தெரிகிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

சிரிப்பு போய்விட்டது. தூசி அண்ணனை வரச்சொன்னார். கைபேசியில் எடுத்துவந்த விளம்பரத்தையும் தன் கணினியில் இருந்த பிரதியையும் அருகருகே வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மூட்டைகள், படகு, கயிறுகள். கடைசியில் வானத்துக்கு வந்தார். "இங்க பாருங்க, நம்மதுல பறவை இல்ல. இதுல இருக்கு. அப்போ இது வேற பிரதிதான். ஓவியர் இன்னொண்ணு வரைஞ்சிருப்பார், வெளிநாட்டுல எங்கயாவது இருக்கும், அங்க வாங்கியிருப்பாங்க." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "விடுங்க. நமக்குச் சம்பந்தம் இல்ல."

அக்காவுக்கு மூச்சு வந்தது. ஒரு துண்டு முடி தன்னைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள், வாய்விட்டுச் சிரிக்கலாம் போலக்கூட இருந்தது. தூசி அண்ணன் மட்டும் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் இருபது வருடமாகக் கண்ணாடியும் தூசியுமாகவே வாழ்ந்த மனிதர் கண்ணெதிரே ஒரு முடியைப் பறவை என்று சொன்னால் எப்படிப் பொறுத்துக்கொள்வார்? மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி, குனிந்து பார்த்து, "பறவை இல்ல சார். முடி," என்றார். "நான் முதல்ல எடுத்த ஸ்கேன்ல விழுந்தது. மறுநாளே மாத்திட்டேன்." பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திய பெருமைதான் அந்தக் குரலில் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவருக்கே உறைத்தது. அக்கா அதை அவர் முகத்தில் பார்த்தாள்.

"அந்த முதல் ஸ்கேன் யார்கிட்ட இருந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டார் இயக்குநர்.

"என் மெஷின்ல சார்."

"வேற?"

தூசி அண்ணன் மேசை விளிம்பைப் பார்த்தார். அக்கா பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இப்போது சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. இதைச் சொன்னால் வேலை போகும், அது ஒன்று. எல்லாரையும் கேள்வி கேட்ட வாயைப் பார்த்து இந்தக் கட்டடம் சிரிக்கும், அது இன்னொன்று. வேலையைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் தான் அதிகம் பயப்படுகிறோம் என்று தெரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஒரு படம் போனது பெரிசில்ல," என்றார் இயக்குநர். "இப்படிப் பின்பக்கமா ஒண்ணு போச்சுன்னா, முன்பக்கமா வந்து காசு கட்டினவங்க எல்லாரும் ஏமாளிங்கன்னு ஆயிடும். உங்க ஒப்பந்தம் வேற இந்த மாசம் என் மேசைக்கு வருது. நாளைக்குக் காலையில வாங்க. யோசிச்சு நல்லபடியாச் சொல்லுங்க. அக்கா, நீங்களும் இருங்க." உங்க ஒப்பந்தம் என்று அவர் சொன்னது தூசி அண்ணனிடம்.

நடைவழியில் இரண்டு பேரும் நடந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் வணக்கம் சொன்னாள், இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மாடிப்படி திரும்பும் இடத்தில் அக்கா நின்றாள். "நீங்க ஏன் அண்ணே என் பேரைச் சொல்லலை?"

அவர் ரப்பர் குமிழைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். "நீங்களே சொல்வீங்கன்னு இருந்துட்டேன்க்கா," என்றார். குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார், அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

சாயங்காலம் மருந்துக்கடை மாடியில் தம்பி அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்து வந்தான். பின்னால் சுவர் முழுக்க அதே துறைமுகம், அளவு அளவாக அச்சடித்து ஒட்டியிருந்தது. "பாத்தியா? ஊரு முழுக்க! இத்தனை வருஷத்துல முதல் பெரிய பார்ட்டிக்கா. அடுத்த கட்டடமும் எனக்குத்தானாம்." அவள் முகத்தைப் பார்த்ததும் கை இறங்கியது. அவன் மனைவி கணினியை விட்டு எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அக்கா உட்காரவில்லை. நடந்ததை நின்றுகொண்டே சொன்னாள்.

"வீட்டுக்குத்தான் வாங்கினேன், சத்தியமா," என்றான் தம்பி. "அவங்க ஏதாவது பழசாக் காட்டு, பழசாக் காட்டுன்னு உயிரை எடுத்தாங்க. கம்ப்யூட்டர்ல இது இருந்துச்சு. போட்டுக் காட்டினேன், குதிச்சுட்டாங்க. அப்புறம் எப்படி இல்லைங்கிறது?" தற்காப்பு கோபமாக மாறியது. "ஒண்ணு சொல்லு. அந்த ஓவியன் செத்து இருநூறு வருஷம் ஆச்சு. அந்தத் துறைமுகமே இப்ப இல்ல. அவன் வரைஞ்சதுக்கு உங்க ஆபீஸ் யாரு விலை போட? பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருந்தீங்க, நான் ஊரு பாக்க வச்சேன். தப்பா?"

அந்தக் கேள்வி அக்காவுக்குப் புதிதில்லை. டீச்சர் போனை வைத்த நாளிலிருந்தே அவளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அதை நீ முன்வாசல் வழியா வந்து அவர்கிட்டயே கேட்டிருக்கணும்டா," என்றாள். "என்கிட்ட சுவருக்குன்னு சொன்னே. நாளைக்கு வந்து நடந்ததைச் சொல்லு. விளம்பர விலையைக் கட்டிடு. நானும் சொல்லிடறேன்."

"கட்டுறது பிரச்சினை இல்லக்கா. திருட்டுப் படம்னு பார்ட்டிக்குத் தெரிஞ்சா என்னைத் தலைமுழுகிடுவாங்க. உன் வேலையும் போகும். எதுக்கு ரெண்டு பேரும் சாகணும்?" குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த ஸ்கேன் ஆள் கையிலதானே இருந்துச்சு? அவர் மேலதானே சந்தேகப்படறாங்க? ஒப்பந்தக்காரர்தானே. இங்க இல்லன்னா இன்னொரு இடம்."

அவன் மனைவிதான் கேட்டாள், அக்காவின் முகத்தைப் பார்க்காமல்: "அவருக்குப் பிள்ளைங்க இருக்காங்களா அண்ணி?"

"ரெண்டு பொண்ணு. பெரியவ கல்லூரியில சேர்ந்திருக்கா."

அதற்கு மேல் அங்கே நிற்க அவளால் முடியவில்லை. தம்பி படிக்கட்டு வரை பின்னாலேயே வந்து, "நீ ஒண்ணும் பேசாத, நான் பாத்துக்கறேன்," என்றான். எதைப் பார்த்துக்கொள்வான் என்று அவள் கேட்கவில்லை. மனசாட்சி வந்து உறுத்தி நல்லதாகத்தான் ஏதாவது செய்வான் என்று நம்பிக்கொண்டே பேருந்து ஏறினாள். அவனைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தவள், அப்படி நம்பத்தானே செய்வாள்?

காலையில் இயக்குநர் அறைக்கு வெளியே தூசி அண்ணன் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவரை அந்தக் கட்டடத்தில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அக்காவைப் பார்த்ததும் பாதி எழுந்தார். "உக்காருங்க அண்ணே, நான் முதல்ல போறேன்," என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். கதவைத் தள்ளினாள்.

உள்ளே தம்பி உட்கார்ந்திருந்தான். நன்றாகச் சவரம் செய்து, கழுத்துவரை பொத்தான் போட்டு, பாதி குடித்த தேநீர்க் கோப்பையோடு. இயக்குநர் பழைய சிரிப்போடு இருந்தார். "வாங்க அக்கா, உக்காருங்க. உங்க தம்பியாமே இவர்! எனக்குத் தெரியாது பாருங்க. நல்ல மனுஷன், தானே வந்துட்டார்." தம்பி அவளைப் பார்த்து லேசாகக் கண்ணை மூடித் திறந்தான், பேசாமல் இரு என்று. இயக்குநர் சொல்லச் சொல்ல அவளுக்கு விளங்கியது. விளம்பரத்துக்கு வேறு விலை என்பதே தம்பிக்குத் தெரியாதாம். ஸ்கேன் அறையில் வேலை செய்கிற ஒருவர் வெளியே கொடுத்தாராம், அலுவலக வழக்கமே அப்படித்தான் என்று இவர் நினைத்துவிட்டாராம். நேற்று அக்கா வந்து விசாரித்த பிறகுதான் தப்பு என்று புரிந்ததாம். விளம்பர விலையை முழுசாகக் கட்டிவிடுகிறாராம், கட்டடக்காரர்கள் காதுக்குப் போகாமல் முடித்துக்கொண்டால் போதுமாம். "நமக்கும் அதுதானே நல்லது?" என்றார் இயக்குநர். "பணம் வந்துடுது, பேரும் கெடலை. அந்த ஸ்கேன்காரரைக் கூப்பிட்டு அவமானப்படுத்த வேணாம்னு நினைக்கிறேன். ஒப்பந்தம் முடியுது, புதுப்பிக்கலை, அவ்வளவுதான். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிரும். நீங்க இந்த ரசீதுல விளம்பரம்னு வகை போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க."

ரசீதை அவள் பக்கம் நகர்த்தினார். மேலே பேனாவை வைத்தார்.

எல்லாம் அவளுக்காகவே தயாராக இருந்தது. தம்பியின் பெரிய பார்ட்டி இருக்கும், அவள் வேலை இருக்கும், அருங்காட்சியகத்துக்குப் பணம் வரும். அவள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்ல வேண்டாம். தம்பிமேல் வந்த கோபத்தைவிட, ஒரு நொடி தன் உடம்பு லேசானதை நினைத்துத்தான் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது. ஆமாம், அந்த ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கதவின் கண்ணாடி வழியாக வெள்ளைச் சட்டை தெரிந்தது. தூசி அண்ணன் கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். தன்னை இனிமேல் உள்ளே கூப்பிடப்போவதில்லை என்று அவருக்குத் தெரியாது.

அக்கா எழுந்தாள். "அக்கா," என்றான் தம்பி, அடித்தொண்டையில். அவள் போய்க் கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க அண்ணே. நான் பேசும்போது நீங்க இருக்கணும்."

அவர் வந்து வாசற்படியிலேயே நின்றார். இயக்குநரைப் பார்த்தார், முன்பின் தெரியாத இளைஞனைப் பார்த்தார், எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் ஒதுங்கினார். மேசைக்கு முன்னால் இரண்டே நாற்காலிகள்தான். ஒன்றில் தம்பி உட்கார்ந்திருந்தான், எழுந்திருக்கவில்லை. அக்கா தன் நாற்காலியை இழுத்து, தரை கிறீச்சிட, தூசி அண்ணன் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். அவர் தயங்கித் தயங்கி அதன் நுனியில் உட்காரும்வரை காத்திருந்துவிட்டு, நின்றுகொண்டே இயக்குநர் பக்கம் திரும்பினாள்.